முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

திண்டுக்கல்லில் விடியற்காலை ஓடுகிறவர்களுக்கு ஒரு குரு இருந்தாள். பெயர் பிரிசில்லா. வயது இருபத்தொன்பதுதான். மாநில அளவில் ஓடியவள். முழங்காலில் கத்தி வைத்த பிறகு ஓட்டத்தை விட்டாள். ஓடுகிறவர்களை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மாரத்தான் ஓடிவிட்டு வருகிறவர் எடுத்த எடுப்பில் நேரத்தைச் சொல்லக் கூடாது. முதலில் வழியைச் சொல்ல வேண்டும். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, வெயில் எப்போது முதுகில் ஏறியது, கால் எங்கே கெஞ்சியது என்று ஒவ்வொரு கிலோமீட்டராகச் சொல்ல வேண்டும். மாஸ்டர் மைதானத்துப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நாற்பத்திரண்டும் முடிந்த பிறகுதான் நேரம்.

"வழி தெரியாம நேரத்தை மட்டும் வாங்கி நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?" என்பாள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் இரண்டு ஊரில் இரண்டு மாரத்தான் நடந்தது. ஒன்று பக்கத்துச் சிறுமலையில். இன்னொன்று தூத்துக்குடி உப்பளத்து ரோட்டில். மலைக்கு ரோசலின் போனாள். உப்பளத்துக்குக் கோமளா போனாள்.

ரோசலின் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வயது முப்பத்தாறு, குழுவில் நாலு வருஷம். கோமளா ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வயது இருபத்தேழு, குழுவில் எட்டே மாதம்.

அந்த எட்டு மாதமும் ரோசலினுக்கு எட்டு முள்.

கோமளா தாமதமாக வந்தால், "ஏண்டி கோமு, உனக்கு மட்டும் சூரியன் லேட்டா உதிக்குதா?" என்பாள் மாஸ்டர். ரோசலின் தாமதமாக வந்தால், "வாங்கக்கா, பாப்பா தூங்கலையா?" என்பாள். கோமளாவின் ஷூ முடிச்சு அவிழ்ந்தால் மாஸ்டரே குனிந்து கட்டிவிட்டுக் காலில் ஒரு தட்டு தட்டுவாள். ரோசலினின் முடிச்சு அவிழ்ந்ததே இல்லை. அவள் இரட்டை முடிச்சுப் போடுகிறவள்.

மரியாதை தன்னைத் தள்ளி உட்கார வைத்திருப்பதாக ரோசலினுக்குப் பட்டது. மாஸ்டரைவிட ஏழு வயது மூத்தவளாகப் பிறந்தது தன் குற்றமா? நாலு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், 'டி' போட்டுக் கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள். அவளே தன் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை வந்து முறையிட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

இந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்திருந்தது. சித்திரையில் பெண்களுக்கான பெரிய மாரத்தான். ஒரு குழுவிலிருந்து ஒரே ஒரு பெண். யாரென்று மாஸ்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். ரோசலினின் கணவருக்கு ஓசூருக்கு மாற்றலாகியிருந்தது. வைகாசியில் வீட்டைக் காலிசெய்கிறார்கள். இந்தக் குழுவின் பெயரை மார்பில் குத்திக்கொண்டு ஓட அவளுக்கு இனி ஒரு சித்திரை கிடையாது.

திங்கட்கிழமை காலை இருவரும் வழி சொல்ல வந்தார்கள்.

"நீ சொல்லுடி," என்றாள் மாஸ்டர்.

கோமளா காலை நீட்டி உட்கார்ந்தாள். "ரோடு, மாஸ்டர். நேரா போகுது. ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கமும் உப்பு. வெயிலு. பத்துல காத்து, இருபதுல காத்து, முப்பதுல எதிர்காத்து. கடைசில ஒரு வாட்டர் டேங்க். அவ்வளவுதான்."

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஒரு வாய்ல முழுங்கிட்டியே."

"அதுல வேற ஒண்ணுமே இல்ல மாஸ்டர், சத்தியமா. மாடுகூட குறுக்க வரல."

மாஸ்டர் சிரித்தாள். "நேரம்?"

"மூணு மணி அம்பத்தெட்டு நிமிஷம்."

கைதட்டினார்கள். ரோசலினும் தட்டினாள். கை தட்டியது, உள்ளே என்னவோ தட்டவில்லை.

பிறகு ரோசலின் சொன்னாள். முழுசாகச் சொன்னாள். ஆறு மணிக்கு அடிவாரம். முதல் வளைவு. மூன்றாவது வளைவில் குரங்கு. பதினெட்டாவது வளைவு வரை நிமிர விடாத ஏற்றம். மேலே போனால் ஏறி இறங்கும் தோட்டத்து ரோடு. பதினெட்டாவது கிலோமீட்டரில், மாசியில் வழக்கமே இல்லாத மழை. சரளைக் கல். வழுக்கல். இருபத்தேழில் மழை விட்டது. முப்பதில் நேரம் பதிகிற பாயை விரித்திருந்தார்கள், பக்கத்தில் பெரிய பலாமரம்.

"அங்கிருந்து இறக்கம் மாஸ்டர். முப்பத்து மூணுல ஒரு பாலம். முப்பத்தஞ்சுல அடுத்த பாய்..."

மாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது ஒரு பாவத்தை விழுங்கிவிட்டு எழுந்துவந்த சிறுமியைப் போல ரோசலின் மீதியை வேகவேகமாகச் சொல்லி முடித்தாள்.

"நேரம்?"

"நாலு ஆறு."

எல்லோரும் கைதட்டினார்கள். கோமளா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அந்த விசில்தான் ரோசலினால் தாங்க முடியாததாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ரோசலின் ஒரு தாளோடு வந்தாள். கட்டம் போட்ட தாள். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டிருந்தாள்.

"மாஸ்டர், மலையும் சமதளமும் ஒண்ணாகாதுல்ல?"

"ஆகாதுக்கா."

"அப்ப மலைல எடுத்த நேரத்தையும் சமதளத்துல எடுத்த நேரத்தையும் அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்கறது தப்புதான?"

"தப்புதான்."

"அதான் கணக்கு போட்டேன்."

மாஸ்டர் தாளை வாங்கிப் படித்தாள். ஏற்றத்துக்குப் பதினொரு நிமிடம் கழிவு. மழைக்கு மூன்று. சரளைக்கு இரண்டு. கொண்டை ஊசி வளைவுக்கு இரண்டு. ஆக மொத்தம் பதினெட்டு. ரோசலின் நியாயஸ்தி, இறக்கம் கொடுத்த லாபம் என்று ஐந்து நிமிடத்தைத் திரும்பக் கூட்டியிருந்தாள். அடியில் 'பாப்பாவுக்குக் காய்ச்சல், முந்தின இரவு தூக்கமில்லை' என்று எழுதி ரப்பரால் அழித்த தடமும் தெரிந்தது. நாலு ஆறு என்பது மூன்று ஐம்பத்து மூன்றாகியிருந்தது.

"கோமளாவோடது?"

"பின்பக்கம் இருக்கு."

பின்பக்கம் ஒரே ஒரு வரி. வெயிலுக்கு ஒரு நிமிடம். மூன்று ஐம்பத்தேழு.

"அந்த ரோட்டைப் பாத்திருக்கீங்களாக்கா?"

"பாக்க என்ன இருக்கு மாஸ்டர்? தட்டு மாதிரி இருக்கும். அதுல யாரு வேணாலும் ஓடலாம்."

"வியாழக்கிழமை ஸ்கூல் லீவுதானே? விடியக்காலம் நாலு மணி பஸ்ஸுக்கு வந்துருங்க. ஷூ எடுத்துட்டு வாங்க."

பஸ்ஸில் போகும்போது ரோசலினுக்குச் சந்தோஷமாக இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். கோமளாவுக்கு இது கிடைத்திருக்குமா? மதுரை தாண்டும்வரை ரோசலின் தோளை அசைக்கவில்லை. மரத்துப்போன தோளோடு தூத்துக்குடியில் இறங்கினாள்.

மாஸ்டர் ஒரு டீக்கடையில் சைக்கிள் இரவல் வாங்கினாள். இருவரும் முப்பதாவது கிலோமீட்டர் என்று சுண்ணாம்பில் எழுதியிருந்த இடத்துக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் ரோட்டின் கடைசியில் வெள்ளையாக ஒரு வாட்டர் டேங்க் தெரிந்தது.

"அதான் முடியற இடம்," என்றாள் மாஸ்டர். "பன்னண்டு கிலோமீட்டர். ஓடுங்க, நான் பக்கத்துலயே சைக்கிள்ல வர்றேன்."

"அவ எட்டரைக்கெல்லாம் முடிச்சுட்டா மாஸ்டர். இப்ப மணி ஒம்பது. வெயில் கூட இருக்கு."

"எழுதி வச்சுக்கலாம்க்கா. ஓடுங்க."

ரோசலின் ஓடினாள். முதல் இரண்டு கிலோமீட்டர் சிரித்துக்கொண்டே ஓடினாள். தட்டு மாதிரிதான் இருந்தது. டேங்க் தெரிந்தது. மூன்றாவதில் டேங்க் தெரிந்தது. நாலாவதில் அதே அளவில் தெரிந்தது. இரண்டு பக்கமும் உப்புக் குவியலிலிருந்து வெளிச்சம் கண்ணில் குத்தியது. மரம் இல்லை. நிழல் என்று பார்த்தால் தன் நிழல், அதுவும் காலடியில் சுருண்டு கிடந்தது. எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

மலையில் வளைவு வந்தால் அந்த வளைவோடு ஒன்று முடியும். அடுத்தது என்னவென்று தெரியாது, தெரியாததால் ஓடலாம். இங்கே எல்லாமே தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது. எட்டாவது கிலோமீட்டரில், "இந்த டேங்க் பின்னால போகுதா?" என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை அங்கனதான் நின்னுச்சாம்," என்றாள் மாஸ்டர்.

ரோட்டோரத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிப் பார்த்தாள். முழங்கால் வரை காலுறை, தலையில் துண்டு.

"ஏட்டி, தண்ணி வேணுமா?"

ரோசலின் நின்று வாங்கிக் குடித்தாள்.

"ஞாயித்துக்கெழம வந்தவொ கூட்டமா நீங்க?"

"ஆமாக்கா," என்றாள் மாஸ்டர்.

"அன்னைக்கும் ஒரு புள்ள இந்த எடத்துல வந்து பொத்துன்னு ஒக்காந்துட்டா. ஒரே அழுவ. என்னட்டி, யாரும் அடிச்சாவளான்னு கேட்டேன். இல்லக்கா, அந்த டேங்கு கிட்டயே வர மாட்டேங்குதுங்கா. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. ஏ மூதி, டேங்கு எப்படிட்டி வரும், நீதான் போணும்னேன். மூக்கைச் சீந்திட்டு எந்திச்சு ஓடிட்டா."

"எப்படி இருந்தா அந்தப் புள்ள?" என்று ரோசலின் கேட்டாள்.

"கருப்பா, லெச்சணமா. இந்தா, கன்னத்துல குழி."

கோமளாவேதான்.

ரோசலின் மீதியையும் ஓடி முடித்தாள். டேங்கின் நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். கோமளா அழுதிருக்கிறாள். அழுததை வழி சொல்லும்போது சொல்லவில்லை. முதலில் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அழுதும் மூன்று ஐம்பத்தெட்டு. அதையும் சொல்லாமல் சிரித்திருக்கிறாள். அதில்கூட அவள் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டாளே!

திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் கேட்டாள்.

"பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் மாஸ்டர்."

"தாளை மாத்தணுமா?"

ரோசலின் பையிலிருந்து தாளை எடுத்தாள். பின்பக்கம் திருப்பினாள். வெயிலுக்கு ஒன்று என்பதை அடித்து மூன்று என்று எழுதினாள். எதிர்க்காற்றுக்கு ஒன்று சேர்த்தாள். கழித்துப் பார்த்தாள். கோமளா மூன்று ஐம்பத்து நாலு. மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். தான் மூன்று ஐம்பத்து மூன்று.

"இப்பவும் ஒரு நிமிஷம் எனக்குத்தான் வருது," என்றாள்.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, தூங்கினாளா என்று தெரியவில்லை. இந்தத் தடவை அவள் தோளில் சாயவில்லை.

வெள்ளிக்கிழமை ரோசலினுக்கு வகுப்பில் மனம் ஓடவில்லை. கரும்பலகையில் ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டாள். முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "மிஸ், கடன் வாங்க மறந்துட்டீங்க" என்றது.

சனிக்கிழமை காலை மைதானத்துப் படியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடிதத்தாள். 'எங்கள் குழுவின் சார்பில்' என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள், அச்சடித்தது. கோமளா ஓடுபாதையில் இரண்டு கல்லூரிப் பெண்களோடு சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது.

"உங்க தாளைக் குடுங்கக்கா," என்றாள் மாஸ்டர். "இதையும் கூட வச்சுத்தான் அனுப்பப் போறேன். மலைக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவுன்னு அங்க இருக்கறவங்களும் தெரிஞ்சுக்கட்டும். உங்க பேரையே எழுதறேன்."

ரோசலின் தாளை நீட்டினாள். "நிஜமாவா மாஸ்டர்?"

"நிஜமா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வழியை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க. முழுசா வேண்டாம். முப்பதுல இருந்து."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முப்பது," என்றாள் ரோசலின். "பாய். பலாமரம். மழை விட்டுருச்சு. இறக்கம் ஆரம்பம்."

"உம்."

"முப்பத்து மூணுல பாலம்..."

"முப்பத்தொண்ணு?"

"முப்பத்தொண்ணுல..." ரோசலின் ஓடுபாதையைப் பார்த்தாள். "தண்ணி வச்சிருந்தாங்க."

"என்ன குடிச்சீங்க?"

"ஒண்ணும் குடிக்கல."

"அப்புறம் எதுக்கு நின்னீங்க?"

நின்றதாக அவள் சொல்லவே இல்லை.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்ல மாஸ்டர், அதனால போனை இடுப்புல கட்டிட்டுப் போயிருந்தேன். எடுத்துப் பாத்தேன்."

"பாப்பா எப்படி இருந்தா?"

"காய்ச்சல் விட்டுருச்சு, தூங்கறான்னு அவர் போட்டிருந்தார்."

"நல்லது. அப்புறம்?"

கோமளாவின் சிரிப்பு பக்கத்தில் வந்துவிட்டுப் போனது.

"நம்ம குரூப்புல ஒரு படம் வந்திருந்துச்சு."

"உம்," என்றாள் மாஸ்டர்.

"மெடலோட நிக்கறா. மூணு அம்பத்தெட்டுன்னு போட்டிருந்தா. கீழ நீங்க..." அவள் குரல் இறங்கியது. "அடி என் தங்கமேன்னு நீங்க போட்டிருந்தீங்க."

"போட்டேன்."

"அதைத்தான் பாத்தேன். படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். அவ அழுத மாதிரியே தெரியல மாஸ்டர், பவுடர் போட்ட மாதிரி இருந்தா. ஒரு நிமிஷம்தான் நின்னேன். ஒரே நிமிஷம். அப்புறம் ஓடிட்டேன்."

மாஸ்டர் கண்ணைத் திறந்தாள். அச்சடித்த தாளை எடுத்து ரோசலினின் மடியில் வைத்தாள். மலை மாரத்தானில் ஒவ்வொரு பாயிலும் பதிந்த நேரம் அது. ரோசலின் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தாள்.

முப்பதாவது கிலோமீட்டரில் இரண்டு ஐம்பத்தெட்டு. முப்பத்தைந்தில் மூன்று முப்பத்தொன்று.

"கணக்கு டீச்சர் நீங்க," என்றாள் மாஸ்டர்.

ரோசலின் கழித்தாள். கடன் வாங்கிக் கழித்தாள். முப்பத்து மூன்று வந்தது.

"அஞ்சு கிலோமீட்டருக்கு முப்பத்து மூணு நிமிஷமா?"

"மழைல நனைஞ்சு, சரளைல வழுக்கிட்டுப் போன அஞ்சு கிலோமீட்டரைக்கூட நீங்க முப்பது நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க. இது இறக்கம். மழை நின்னுருச்சு. ரோடு தார் ரோடு."

"நான் ஒரு நிமிஷம்தான் நின்னேன் மாஸ்டர்!"

"நிக்கறது மட்டும்தான் நிக்கறதாக்கா?"

ரோசலினுக்கு அந்த இறக்கம் ஞாபகம் வந்தது. பாலம் ஞாபகத்தில் இருந்தது. தண்ணீர் மேஜை ஞாபகத்தில் இருந்தது. நடுவில் இரண்டு கிலோமீட்டர் ரோடு இருந்திருக்க வேண்டும். மரம், வளைவு, மைல்கல் எல்லாம் இருந்திருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு கிலோமீட்டரும் கன்னத்தில் குழி விழுந்த ஒரு முகமாக இருந்தது. அதன் கீழே ஒரு வரியாக இருந்தது.

அவள் விரல் தாளின் மேல் தானாக ஓடியது. அந்த இறக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். முப்பத்து மூன்றிலிருந்து இருபத்தைந்து. எட்டு. நாலு ஆறிலிருந்து எட்டு.

விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அக்கா!" ஓடுபாதையிலிருந்து கோமளா கை காட்டினாள். "ஒரு ரவுண்டு வாங்கக்கா! நான் மெதுவாத்தான் ஓடறேன், உங்களுக்காக!"

"போடி வாயாடி," என்றாள் மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்து.

பிறகு ரோசலினின் கட்டம் போட்ட தாளை விரித்து முழங்காலில் வைத்து நீவினாள். ஏற்றம் பதினொன்று. மழை மூன்று. சரளை இரண்டு. வளைவு இரண்டு. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. ரப்பர் அழித்த தடம் தெரிந்த இடம்.

மாஸ்டர் அந்த இடத்தில் விரலை வைத்தாள். இன்னொரு கையால் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"நான் கையெழுத்துப் போடறேன். உன் பேரைத்தான் எழுதப் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா வழில இருந்த எல்லாத்தையும் எழுதிட்டு இது ஒண்ணை விட்டுட்ட."

ரோசலின் பேனாவை வாங்கவில்லை. "எது மாஸ்டர்?"

"கோமளாவுக்கு எவ்வளவுடி கழிக்கிற?"